கால் விரிய விடாத கால்சட்டை

எடை தூக்கும் ஆண்கள் உடை பற்றியும் நிற்கும் முறை பற்றியும் கேட்கலாம் என்று அறிவித்திருந்தோம். டெல்டா மாவட்டங்களிலிருந்து எழுதியவர்களில் ஜிம்முக்குப் போகிறவர்களும் உண்டு, நெல் மூட்டை சுமக்கிறவர்களும் உண்டு. இடுப்பும் முழங்காலும் இருவருக்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன என்பதால் பிரிக்காமல் பதில் தருகிறோம்.

ஸ்குவாட் (எடையோடு குந்தி எழுவது) போடும்போது ஷார்ட்ஸ் கவட்டில் கிழிந்துவிடுகிறது. ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன், அதுவும் கிழிந்தது. எந்தத் துணி வாங்குவது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

துணி மேல் பழி போடாதீர்கள், வெட்டுதான் சரியில்லை. சாதாரண ஷார்ட்ஸில் முன்தையல், பின்தையல், இரண்டு கால்களின் உள்தையல் எல்லாம் கவட்டில் ஒரே புள்ளியில் வந்து முட்டும். நிற்கும்போது அந்தப் புள்ளிக்கு வேலையில்லை. குந்தும்போது பின்பக்கம் நீள வேண்டும், தொடைகள் விலக வேண்டும். இரண்டு இழுப்பும் சேர்ந்து அங்கேதான் விழுகிறது. சைஸ் கூட்டினால் இடுப்புதான் தளரும். கவடு இன்னும் கீழே இறங்கித் தொங்கும். தொங்கும் கவடு கால் விரிவதை முன்பைவிடச் சீக்கிரமே தடுக்கும். பெரிய சைஸும் கிழிந்ததற்குக் காரணம் இதுதான்.

கையில் இருக்கும் ஷார்ட்ஸையே தையற்காரரிடம் கொடுங்கள். நான்கு தையலும் கூடும் இடத்தைப் பிரித்து, அங்கே டைமண்ட் வடிவத்தில் ஒரு துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். நீளவாக்கில் 12 செ.மீ., அகலவாக்கில் 8 செ.மீ. இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். தொடை பருத்தவர்கள் இரண்டு பக்கமும் 2 செ.மீ. கூட்டிக்கொள்ளலாம். துண்டை கிராஸ் பீஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டச் சொல்ல மறக்காதீர்கள். நேர் இழையில் வெட்டிய துண்டு நீளாது, கிராஸில் வெட்டியது கொஞ்சம் கொடுக்கும். ஓரங்களுக்கு இரட்டைத் தையல் போட வேண்டும். ஒற்றைத் தையல் போட்டு ஓவர்லாக் அடித்துக் கொடுத்தால் அடுத்த மாதமே திரும்பக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

புதிதாக வாங்குவதானால் கடையிலேயே முழுதாகக் குந்திப் பாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, அதற்குத்தானே வாங்குகிறோம்! குந்திய நிலையில் தொடை மேல் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்க முடிய வேண்டும். இடுப்புப் பட்டை பின்னால் இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கக் கூடாது. நீளம் முழங்காலுக்கு மேலே 5 செ.மீ. இருக்கட்டும். முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று கண்ணாடியில் பார்க்க அது தெரிய வேண்டும். துணியைப் பொறுத்தவரை, கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் கலந்த பருத்திப் பின்னல் நல்லது. ஜிப், உலோகப் பொத்தான், பக்கப் பையில் செல்போன், இந்த மூன்றும் வேண்டாம். குனியும்போது இடுப்பு மடிப்பில் போன் குத்தும். குத்தாமலிருக்க உடம்பு தானாகவே ஒரு பக்கம் சாயும்.

பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது) போடப் பளபளப்பான டி-ஷர்ட் நல்லதா, கை இல்லாத பனியனா?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

இரண்டும் இல்லை. சாதாரணப் பருத்தி டி-ஷர்ட் போதும். வழுவழுப்பான பாலியஸ்டர் துணி ரெக்சின் பெஞ்சில் வழுக்கும். பின்னுக்குச் சேர்த்து வைத்த தோள்பட்டை நழுவிவிடும். பனியன் போட்டால் வெறும் தோளில் வியர்வை பட்டு அதே கதைதான். ஸ்குவாட்டிலும் பருத்தி டி-ஷர்ட்டே மேல். எடை மாட்டும் இரும்புக் கம்பியான பாரின் சொரசொரப்பு தோலைச் சிராய்க்காது, பாரும் முதுகில் இறங்காது.

லங்கோடு கட்டாமல் எடை தூக்கினால் குடல் இறங்கிவிடும், விரை வீங்கும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஜட்டி போதாதா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

லங்கோடு நல்ல உடைதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறு. குடலிறக்கம் என்பது அடிவயிற்றுச் சுவரில் பலவீனமான ஓர் இடத்தின் வழியாக உள்ளே இருப்பது பிதுங்கி வருவது. மூச்சை அடக்கித் தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். சுவர் பலவீனமாக இருந்தால் அந்த அழுத்தம் வழி தேடும். லங்கோடு இருப்பதோ வெளியே, அதுவும் அந்த இடத்துக்குக் கீழே. அதனால் உள்ளே நடப்பதைத் தடுக்க முடியாது. விரையில் நீர் கோப்பதும் இதனால் வருவதில்லை.

லங்கோடு உண்மையில் செய்வது வேறு. விரைகள் தொடைகளுக்கு நடுவே மாட்டி நசுங்காமல் மேலே தாங்கிப் பிடிக்கும், தோலோடு தோல் உரசாமல் காக்கும். தளர்ந்த பாக்சர் மட்டும் போட்டுக்கொண்டு ஆழமாகக் குந்துகிறவர்களுக்கு இந்த நசுக்கல் தெரியும். இதே வேலையைத் தொடை பாதி வரை வரும், முன்பக்கம் பை போலத் தைத்த ஜட்டி செய்துவிடும். லங்கோடுதான் பிடிக்கும் என்றால் கட்டுங்கள். ஆனால் கவட்டில் துணி கயிறாக முறுக்கிக்கொள்ளாமல் அகலமாகப் படிய வேண்டும். இறுக்கிக் கட்டினால் பலம் என்று நினைத்துச் சிலர் மூச்சு முட்டக் கட்டுகிறார்கள். தொடை இடுக்கில் புண் வருவதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

இரண்டு அறிகுறிகளை மட்டும் சாக்குச் சொல்லித் தள்ளிப் போடக் கூடாது. இருமும்போதோ தூக்கும்போதோ அடிவயிற்று இடுக்கில் புடைப்பு தோன்றி, படுத்தால் மறைகிறது என்றால் எடையை நிறுத்திவிட்டு அறுவைச் சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள். புடைப்பு உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் சேர்ந்தால் அன்றே, அந்த நேரமே போக வேண்டும். மற்றொன்று, ஒரு விரையில் திடீரென்று தாங்க முடியாத வலி. விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அல்ல அது.

கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் வேலை. இடுப்புப் பிடிப்பு விடவே மாட்டேன் என்கிறது. உடைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

நிறையவே உண்டு. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி இரண்டு தொடைகளையும் சேர்த்துச் சுற்றிய ஒரு குழாய். மூட்டைக்கு இரண்டு பக்கமும் காலை வைக்கப் பார்த்தால் குழாய் தடுக்கும். தொடை விரியாவிட்டால் குந்த முடியாது. குந்த முடியாதவர் முதுகை வளைத்துத்தான் எடுப்பார். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, துணி அப்படிச் செய்ய வைக்கிறது. கவடு விரிய வேண்டுமென்றுதான் அந்தக் காலத்தில் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்கள். நீங்களும் அப்படிக் கட்டலாம். அது சிரமம் என்றால் தொடை பாதி வரை வரும் தளர்ந்த அரை டிரவுசர் போட்டு, கைலியை வேலை முடியும் வரை கழற்றி வையுங்கள். லாரிப் பலகையில் ஏறும்போது மடிப்பு அவிழ்ந்து கைலி நுனியை மிதித்துத் தடுமாறும் ஆபத்தும் அதோடு போகும்.

இனி நிற்கும் முறை. நிலையத்து மூட்டை 40 கிலோ. அது உடம்புக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் இடுப்பைப் பாதிக்கிறது. மூட்டையின் நடுப்பகுதி உங்கள் கீழ்முதுகிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருந்தால் ஒரு சுமை, 50 செ.மீ. தள்ளி இருந்தால் அதே மூட்டைக்கு இரண்டு மடங்கு சுமை. ஆகவே கிடக்கும் மூட்டையை எட்டிப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் அதை நிமிர்த்தி நிறுத்துங்கள். ஒரு பாதம் மூட்டையின் பக்கவாட்டில் ஓரடி முன்னால், மற்றது பின்னால். மூட்டை இரண்டு காலுக்கும் நடுவே வர வேண்டும். ஒரு கை மேலே உள்ள காதில், மறு கை அதற்கு எதிர்மூலையில் அடியில். இடுப்பைப் பின்னால் தள்ளிக் குந்தி, மூட்டையை மார்போடு அணைத்து, முதலில் தொடை மேல் ஏற்றி ஒரு நொடி நிறுத்துங்கள். அங்கிருந்து எழுந்திருங்கள். தரையிலிருந்து தோளுக்கு ஒரே வீச்சில் ஏற்றுவது பார்க்க வீரமாக இருக்கும். சாயங்காலம் 100 மூட்டை ஆன பிறகு அதே வீச்சு கை கொடுக்காது.

திரும்ப வேண்டுமானால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். பாதம் நட்ட இடத்தில் இருக்க, இடுப்புக்கு மேலே மட்டும் முறுக்கி அட்டியில் எறிவதுதான் பிடிப்புக்குப் பெரிய காரணம். இருவர் தூக்கிவிட்டு ஒருவர் சுமப்பதானால் தூக்கிவிடும் இருவரும் ஏறக்குறைய ஒரே உயரமாக இருப்பது நல்லது, 'தூக்கு' என்ற குரலும் சுமப்பவரிடமிருந்தே வரட்டும். தலையில் வைத்தால் சும்மாட்டைத் தட்டையாக, உள்ளங்கை அகலத்துக்குச் சுருட்டுங்கள். உருண்டையான சும்மாட்டில் மூட்டை ஆடும், கழுத்து அதைச் சமாளித்துக்கொண்டே போகும்.

மேலுக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, பழையதே போதும். வெறும் மேலோடு தூக்கினால் காற்று படும் என்பது சரிதான். ஆனால் வியர்த்த தோலில் நெல் சுணையும் சணல் சாக்கின் நாரும் ஒட்டி அரிக்கும், அரிப்பில் கை நழுவும். காலில் ரப்பர் செருப்பு வேண்டாம். பின்வார் இல்லாத செருப்பில் நடக்கும்போது விரல்கள் அதைக் கவ்விக்கொண்டே இருக்கும், பாதம் முழுதாகத் தரையில் பதியாது. அடிப்பகுதி வழுக்காத கேன்வாஸ் ஷூ நல்லது. ஈரத் தார்ப்பாய் மேல் பதர் சிதறிக் கிடந்தால் எந்த ஷூவும் வழுக்கும். முதலில் கூட்டிவிடுங்கள்.

பச்சை பெல்ட் கட்டிக்கொண்டு எடை தூக்கலாமா?
– ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

கைலி அவிழாமலிருக்கவும் பணம் வைக்கவும் அருமையான பெல்ட். எடைக்கு உதவாது. எடை பெல்ட் இடுப்பைக் கட்டி வைப்பதற்கு அல்ல. வயிற்றில் காற்றை நிரப்பி எல்லாப் பக்கமும் உந்தும்போது எதிர்த்து நிற்க ஒரு சுவர் வேண்டும், அதற்காக. பச்சை பெல்ட் மெல்லியது, உந்தினால் வளைந்து கொடுக்கும். குந்தும்போது அதன் பையும் பித்தானும் வயிற்று மடிப்பைக் கிள்ளும்.

எடை பெல்ட் சுற்றிலும் ஒரே அகலமாக, சுமார் 10 செ.மீ. இருக்க வேண்டும். பின்னால் அகலம், முன்னால் ஒடுக்கம் என்று விற்பதை வாங்காதீர்கள். முன்வயிறும் உந்த வேண்டுமே! தொப்புள் மட்டத்தில், இடுப்பெலும்புக்கும் கடைசி விலாவுக்கும் நடுவில் கட்டி, ஒரு விரல் நுழையும் அளவு இறுக்குங்கள். உங்களால் ஒரே ஒரு முறை தூக்க முடிந்த எடையில் 80 சதவீதத்துக்கு மேல் போகும்போது கட்டினால் போதும். தண்ணீர் குடிக்கப் போகும்போதும் கழற்றாதவர்களைப் பார்க்கிறோம். அது அலங்காரம்.

கட்டும் முன் அரைஞாண் கயிற்றைக் கவனியுங்கள். பெல்ட்டுக்குள் மாட்டிய முடிச்சு தோலில் குழி விழும் அளவுக்கு அழுத்தும். கயிறானால் பெல்ட்டுக்குக் கீழே இறக்கிவிடுங்கள். வெள்ளி அரைஞாண், தாயத்து என்றால் கழற்றி வைப்பதே நல்லது. மோதிரமும் அப்படித்தான். பாருக்கும் மோதிரத்துக்கும் இடையே உள்ளங்கைத் தோல் மாட்டும். பாரைத் தாங்கும் ரேக்கில் மாட்டி இழுபட்டால் விரலுக்கே ஆபத்து.

டெட்லிஃப்ட்டில் (தரையில் கிடக்கும் பாரைப் பிடித்துத் தூக்கி நிமிர்வது) முழங்காலுக்குக் கீழே தோல் உரிகிறது. எங்கள் மாஸ்டர் காலை அகட்டி வை என்கிறார், இன்னொருவர் சேர்த்து வை என்கிறார். ஸ்குவாட்டுக்கும் இதற்கும் ஒரே நிலையா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

ஒரே நிலை அல்ல. குழப்பத்துக்குக் காரணமே இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான்.

டெட்லிஃப்ட்டில் கைகள் காலுக்கு வெளியே இறங்க வேண்டும், அதனால் கால்கள் இடுப்பகலமே இருக்கட்டும். மேலே எம்பிக் குதிக்கச் சொன்னால் எப்படி நிற்பீர்களோ, ஏறக்குறைய அந்த அகலம். பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே பார் இருக்க வேண்டும். குதிகாலையும் சேர்த்து அளந்த நடு அது. நேராக நிற்கும்போது பார் காலெலும்பிலிருந்து 2 அல்லது 3 செ.மீ. தள்ளி இருந்தால் சரி. முழங்காலை மடக்காமல் குனிந்து பாரைப் பிடியுங்கள். பிறகு காலெலும்பு பாரில் படும் வரை மட்டும் முழங்காலை முன்னால் விடுங்கள். அத்தோடு நிறுத்த வேண்டும். இங்கேதான் பலரும் ஸ்குவாட் போல இடுப்பை இன்னும் இறக்குகிறார்கள். காலெலும்பு பாரை முன்னால் தள்ளும், பார் பாதத்தின் நடுவைவிட்டு உருளும். தூக்கத் தொடங்கியதும் பார் திரும்பி வந்து காலைச் சிராய்க்கும். உங்கள் தோல் உரிவது இதனால்தான்.

இடுப்பை அங்கேயே வைத்து மார்பை நிமிர்த்துங்கள். வயிறு நிறைய மூச்சிழுத்து இறுக்கி, கை தளர்ச்சி போகும் வரை பாரை லேசாக இழுத்து, பிறகு தரையைக் காலால் தள்ளுங்கள். பார் முழங்காலைத் தாண்டியபின் மூச்சை விடலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்குவது பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்ய வேண்டும். சிராய்ப்புக்கு முழங்கால் வரை வரும் கனமான பருத்திக் காலுறை போடுங்கள். ஃபுட்பால் காலுறையே போதும். டிராக் பேன்ட் போட்டால் துணி பாரில் சுருண்டு ஏறும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். 45 செ.மீ. விட்டமுள்ள பெரிய பிளேட் (பாரின் முனையில் மாட்டும் வட்ட எடை) மாட்டினால் பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். முறைப்படியான உயரம் அது. சிற்றூர் ஜிம்களில் 10 கிலோ இரும்பு பிளேட் இதைவிடச் சிறியதாகத்தான் இருக்கும், பார் மிகவும் தாழ்ந்து கிடக்கும். அவ்வளவு கீழே போக முதுகு வளையும். இரண்டு பக்கமும் பிளேட்டுக்கு அடியில் கட்டையோ தடித்த ரப்பர் பாயோ கொடுத்து, உயரத்தை டேப் வைத்து அளந்து சரிசெய்யுங்கள்.

ஸ்குவாட்டுக்குக் குதிகால்கள் தோளகலம், விரல் நுனி 15 முதல் 30 டிகிரி வெளிப்பக்கம். சரியான கோணம் ஆளுக்கு ஆள் மாறும், இடுப்பு மூட்டின் அமைப்பு ஒன்றுபோல் இருப்பதில்லை. எடை இல்லாமல் முழுதாகக் குந்தி, முழங்கையால் முழங்காலை வெளியே தள்ளியபடி அரை நிமிடம் இருங்கள். அப்போது பாதம் எங்கே இயல்பாக அமர்கிறதோ அதுதான் உங்கள் நிலை. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் இரண்டாவது விரலின் திசையிலேயே போக வேண்டும். பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால், இந்த மூன்றும் தரையை விட்டு எழக் கூடாது.

ரன்னிங் ஷூ போட்டு ஸ்குவாட் போட்டால் ஆடுகிறது. வெறுங்காலில் செய்யலாமா? குதிகால் தூக்கிக்கொள்கிறது.
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

ரன்னிங் ஷூவின் மெத்தென்ற அடி எடைக்கு அமுங்கும், அதுவும் ஒரு பக்கமாக அமுங்கும். பள்ளிக்கூட டிரில்லுக்குப் போடும் தட்டையான கேன்வாஸ் ஷூ இதற்கு மேல், விலையும் குறைவு. டெட்லிஃப்ட்டுக்கு வெறுங்காலும் நல்லது, ரப்பர் பாய் மேல் நின்றால். டைல்ஸ் தரையில் காலுறையோடு நிற்கக் கூடவே கூடாது.

குதிகால் தூக்குவது கணுக்கால் இறுக்கத்தால் இருக்கலாம். பெருவிரலைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடியாவிட்டால் இறுக்கம். (குந்தி உட்காரும் பழக்கம் வீட்டிலிருந்து போனதும் இது இளைஞர்களிடம் கூடியிருக்கிறது என்பது எங்கள் கணிப்பு.) தினமும் இதே அசைவைப் பக்கத்துக்கு 15 முறை செய்துவாருங்கள். அதுவரை குதிகாலுக்கடியில் 2 செ.மீ. தடிமனுள்ள ஒரே பலகையை இரண்டு காலுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம். பளுதூக்கும் ஷூவின் குதி உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். காலுக்கு ஒன்றாகச் சின்ன பிளேட் வைப்பது நழுவும்.

ஐப்பசி, கார்த்திகையில் துணி காயவே மாட்டேன் என்கிறது. தொடை இடுக்கில் படர்தாமரை. களிம்பு போட்டால் போகிறது, திரும்ப வருகிறது.
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

முதலில் களிம்புக் குழாயைப் படியுங்கள். கேட்டதும் கடையில் எடுத்துத் தரும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு இரண்டே நாளில் அடங்கும், பூஞ்சை அடங்காது, உள்ளே பரவும். தோல் மருத்துவரிடம் காட்டி, சொன்ன காலம் முழுதும் போட வேண்டும். தோல் தெளிந்துவிட்டது என்று நடுவில் நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது.

மழை மாதங்களில் மட்டும் பருத்தியை விட்டு, மெல்லிய டிரை-ஃபிட் ஷார்ட்ஸுக்கு மாறுங்கள். மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். அதற்கு கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் போடாதீர்கள். இழை மேல் படலம் படிந்து வியர்வையை இழுக்காமல் போய்விடும். ஜட்டி மட்டும் பருத்தியாகவே இருக்கட்டும், தினம் இரண்டு வேண்டும். காயாத ஜட்டியை மாட்டிக்கொண்டு ஜிம்முக்குப் போவதைவிட அன்றைக்குப் போகாமலிருப்பது மேல். எலாஸ்டிக்கும் கவட்டுத் தையலும்தான் கடைசியில் காயும் இடங்கள். அங்கே மட்டுமாவது இஸ்திரி போட்டு, பருத்தி தாங்கும் சூட்டில் அழுத்தி எடுங்கள். பயிற்சி முடிந்ததும் அங்கேயே துணி மாற்றுங்கள், பைக்கில் வீடு வரை நனைந்ததோடு உட்கார்ந்து வராதீர்கள். துண்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

பவர்லிஃப்டிங் (ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றும் சேர்ந்தது) போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். உடையில் ஏதாவது நிபந்தனை உண்டா?
– ஒரு வாசகர், பாபநாசம்

போட்டி எந்த அமைப்பின் விதிப்படி நடக்கிறது என்று முதலில் கேளுங்கள். சர்வதேசப் பவர்லிஃப்டிங் சம்மேளனத்தின் விதியானால், உடம்போடு ஒட்டிய ஒற்றை உடையான சிங்லெட் கட்டாயம். ஸ்குவாட், பெஞ்ச் இரண்டுக்கும் அதற்குள்ளே டி-ஷர்ட் போட வேண்டும். டெட்லிஃப்ட்டுக்கு முழங்காலை எட்டாத, ஆனால் காலெலும்பை மூடும் காலுறை கட்டாயம். பெல்ட் 10 செ.மீ. அகலத்துக்கும் 13 மி.மீ. தடிமனுக்கும் மேல் போகக் கூடாது. அதைச் சிங்லெட்டுக்கு வெளியே கட்ட வேண்டும். உள்ளே சாதாரண ஜட்டிதான். தொடை வரை வரும் பாக்சர் வகை அனுமதி இல்லை, பயிற்சியில் அதையே போட்டுப் பழகியவர்கள் கடைசி மாதமாவது மாற்றிப் பழகுங்கள். ஒலிம்பிக் பாணிப் பளுதூக்குதலில் பெல்ட் 12 செ.மீ. வரை இருக்கலாம். அங்கே பயன்படுத்தும் ஆண்கள் பார் 20 கிலோ, 28 மி.மீ. தடிமன். ஊர் ஜிம்மின் தடித்த பாரில் மட்டும் பழகிய கைக்கு அது முதலில் மெல்லியதாகத் தோன்றும். சிங்லெட்டை முன்கூட்டியே வாங்கி, அதைப் போட்டு முழுதாகக் குந்தித் தோள்பட்டி இழுக்கிறதா என்று பாருங்கள். உயரமானவர்களுக்கு அது அடிக்கடி இழுக்கும். அப்படியானால் ஒரு சைஸ் கூட்டி வாங்குவது சரி, இங்கே மட்டும்.